காவிரி நாட்டு வாசகரும் வங்கப் புதினங்களும்

ஒரு மொழியின் இலக்கியத்தை மற்றொரு மொழியினர் விரும்பிக் கற்பதற்குக் காரணம் இரண்டு. தம்மைப் போன்றாரை அங்குக் காண்பது ஒன்று. தம்மைப் போல் அல்லாதாரைக் காண்பது மற்றொன்று. முன்னது இன்பம் பயக்கும். பின்னது அறிவு பயக்கும். சிறந்த நூல் இவ்விரண்டையும் ஒருங்கே வழங்கும். ஆயின், கற்பவர் முன்னதை மட்டும் ஏற்றுக்கொண்டு பின்னதைக் கைவிடுதலும் உண்டு. காவிரி பாயும் தஞ்சை நாட்டில் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக வங்கப் புதினங்கள் தமிழில் படிக்கப்பட்டு வருகின்றன. அவ்வாசகர் பெற்றது யாது, விட்டது யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வங்கமும் தஞ்சையும் நெல் விளையும் ஆற்று நிலங்கள். ஆகவே தஞ்சையார்க்கு வங்கக் கதை இனித்தது என்று கூறுவது வழக்கம். இக்கூற்றை யாமும் பல்லாண்டு நம்பியிருந்தோம், வகுப்பிலும் சொல்லியிருக்கிறோம். மீண்டும் அந்நூல்களைப் படித்தபோது இது பாதி உண்மை என்றும், மறுபாதியை மறைக்க இதுவே துணைசெய்கின்றது என்றும் அறிந்தோம். அதனை விளக்குவாம்.

வங்கம் வந்த வழி

பிறமொழி ஒலி தஞ்சைக்குப் புதியதன்று. மராட்டிய மன்னர் சாகசி (ஆட்சி 1684-1712) இயற்றிய பஞ்சபாஷா விலாச நாடகத்தில் ஐந்து மொழிகள் ஒரே மேடையில் பேசுகின்றன. தமிழ், தெலுங்கு, மராட்டி, வடமொழி ஆகியவற்றின் சுவடிகள் சரசுவதி மகால் நூல்நிலையத்தில் ஒருங்கே காக்கப்பெறுகின்றன. ஆயின் வங்க இலக்கியம் அரசவை வழியாக வந்ததன்று. அது தேசிய எழுச்சியின் வழியாகவும் அச்சுப்பொறியின் வழியாகவும் வந்தது. விவேகானந்தர் 1897ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் சொற்பொழிவாற்றினார். 1905ஆம் ஆண்டின் வங்கப் பிரிவினை தமிழ்நாட்டு இளைஞர்களின் உள்ளத்தையும் கலக்கியது. பங்கிம் சந்திரரின் 'ஆனந்த மடம்' (1882) என்னும் புதினத்தில் இடம்பெற்ற வந்தே மாதரப் பாடலைப் பாரதியார் தமிழில் இரு முறை ஆக்கினார். தாகூரின் கதைகளையும் மொழிபெயர்த்தார்.

புதினத்தின் பிறப்பிலேயே இரு நிலங்களுக்கும் ஒரு தொடர்பு காணலாம். பங்கிமின் 'துர்க்கேச நந்தினி' வெளிவந்தது 1865இல். தமிழின் முதற் புதினமாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது 1879இல். அதனை எழுதிய வேதநாயகம் பிள்ளை காவிரிக்கரை மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். பதினான்கு ஆண்டு இடைவெளியில் இரு நாட்டிலும் ஆங்கிலக் கல்வியும் அரசுப் பணியும் பெற்ற ஒரு வகுப்பார் தம் வாழ்வை உரைநடையில் எழுதத் தொடங்கினர். எழுதியவரும் படித்தவரும் பெரும்பாலும் நிலமும் கல்வியும் உடையவரே. இவ்வுண்மை பின்னர் வேண்டப்படும்.

1930க்குப் பின் மொழிபெயர்ப்புப் பெருகியது. 1932இல் தொடங்கிய 'கலைமகள்' முதலிய இதழ்கள் வங்கக் கதைகளை மனமுவந்து வெளியிட்டன. கும்பகோணத்தில் பிறந்த கு. ப. ராஜகோபாலன் (1902-1944) சரத்சந்திரரின் கதைகளைத் தமிழில் தந்தார். கண்ணொளி குன்றி அரசுப் பணியை விட்ட அவர்க்கு எழுத்தே வாழ்வாயிற்று. த. நா. குமாரஸ்வாமி (1907-1982), அவர்தம் இளவல் த. நா. சேனாபதி ஆகிய இருவரும் வங்கமொழியை நேரே கற்று மொழிபெயர்த்தனர். தாராசங்கர் பந்யோபாத்யாயரின் 'ஆரோக்கிய நிகேதனம்' முன்னவராலும், விபூதிபூஷண் பந்யோபாத்யாயரின் 'ஆரண்யக்' பின்னவரால் 'வனவாசி' என்னும் பெயராலும் தமிழாயின. அ. கி. ஜயராமன் சரத்சந்திரரை வீடுதோறும் சேர்த்தார். ஆர். சண்முகசுந்தரம் 'பதேர் பாஞ்சாலி'யைத் தமிழில் வழங்கினார். புதுக்கோட்டையைச் சேர்ந்தவரும் கல்கத்தாவில் பல்லாண்டு வாழ்ந்தவருமான சு. கிருஷ்ணமூர்த்தி, அதீன் பந்யோபாத்யாயரின் 'நீலகண்டப் பறவையைத் தேடி'யை மொழிபெயர்த்தார். தொல்காப்பியர் மரபியலில் மொழிபெயர்ப்பை வழிநூல் வகைகளுள் ஒன்றாக வைத்து எண்ணினார். இப்பெருமக்களின் உழைப்பு அவ்வெண்ணத்திற்குத் தக்க சான்றாகும்.

வாசிப்பையே வாழ்வாகக் கொண்டவருள் தஞ்சை நாடு தந்த தலையாயவர் க. நா. சுப்ரமண்யம் (1912-1988). வலங்கைமானில் பிறந்த அவர், 'படித்திருக்கிறீர்களா?' என்று தமிழரை நோக்கி வினவி நூலொன்று எழுதினார். ஆம்சனின் 'நிலவளம்' முதலாகப் பல ஐரோப்பிய நூல்களைத் தமிழாக்கினார். இந்திய மொழிகளின் இலக்கியத்தை ஒரே பரப்பாக வைத்துப் பார்க்கும் பழக்கத்தைத் தமிழ்த் திறனாய்விற்கு உண்டாக்கியவருள் அவர் முதன்மையானவர். அவரைப் பற்றிச் சாகித்திய அகாதெமிக்கு நூல் எழுதிய தஞ்சை ப்ரகாஷும் (1943-2000) அம்மரபினரே. எழுதுதற்கு முன் வாசகராதல் வேண்டும் என்னும் கொள்கை இவ்விருவர் வாழ்விலும் விளங்கும்.

ஒப்புமை

இனி, ஒப்புமையைக் காண்பாம். நம் முன்னோர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அந்நிலத்து மக்கள், உணவு, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றும், ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றும் வகுத்தனர். வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம். அக்கண்கொண்டு நோக்கின் வங்கப் புதினத்தின் பெரும்பகுதி மருதத்தின்பாற் படும்.

கருப்பொருளை எடுத்துக்கொள்வோம். ஆங்கு நெற்பருவங்களாக ஆவுசு, ஆமன், போரோ என்பன வழங்கும். ஈண்டுக் குறுவை, சம்பா, தாளடி என்பன வழங்கும். நெடுநாட் பயிராகிய ஆமனைப் பற்றிப் படிக்கும் தஞ்சை வாசகர் சம்பாவை நினைந்துகொள்வார். ஆற்றுப் படித்துறை, குளத்து அல்லி, கோயில் விழாவுக்கு வரும் கூத்தர், புரோகிதம் செய்து பிழைக்கும் ஏழை அந்தணர், கூட்டுக் குடும்பத்தின் உட்பூசல், இளமையிற் கணவனை இழந்தவளின் மௌனம் என்னும் இவையெல்லாம் அவர் தம் தெருவிலேயே கண்டவை. சரத்சந்திரரின் கைம்பெண்கள் பேசாத சொற்களைக் கும்பகோணத்துத் தெருக்களில் பேசாதிருந்த பெண்கள் பலர் இருந்தனர். தாகூர் என்றும் சரத் என்றும் சுபாஷ் என்றும் தம் மக்களுக்குப் பெயரிட்ட தமிழ்க் குடும்பங்களை இன்றும் காணலாம். ஒரு நாட்டின் இலக்கியம் இன்னொரு நாட்டின் தொட்டிலில் பெயராக அமைதல் சிறு செய்தியன்று.

ஒப்புமையின் பயனுக்கு 'ஆரோக்கிய நிகேதனம்' சிறந்த சான்று. 1953இல் வெளிவந்து 1956ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அகாதெமிப் பரிசைப் பெற்ற இப்புதினத்தின் தலைவர் ஜீவன் மஷாய் என்னும் முதிய நாட்டு மருத்துவர். நாடி பிடித்துச் சாவின் வரவை முன்னறிந்து கூறுவதில் வல்லவர். தம் மகனின் நாடியிலும் சாவைக் கண்டவர்; அதனைக் கண்டதற்காகவே மனைவியின் வெறுப்பையும் வாழ்நாளெல்லாம் சுமந்தவர். ஊருக்குப் புதிதாக வந்த ஆங்கில மருத்துவர் பிரத்யோத், நோயாளிக்குச் சாவை முன்னுரைப்பது கொடுமை என்று சினக்கிறார். இருவரும் மெய்யே பேசுகின்றனர். ஒருவர் சாவைத் தடுக்க முயல்கிறார். மற்றவர் சாவை ஏற்க ஆயத்தம் செய்கிறார்.

தஞ்சை நாட்டில் இந்நூலைப் படித்தவருட் பலர் ஜீவன் மஷாயின் பக்கம் நின்றே படித்தனர் என்பது எம் அனுபவம். நாடி பார்த்த நாட்டு வைத்தியர் ஒருவரேனும் அவர்தம் ஊரில் இருந்திருப்பார். அவ்வைத்தியரின் நினைவு நூலின்மேற் படிந்துவிடும். ஆயின் தாராசங்கர் ஒரு பக்கம் சாயவில்லை. புதிய மருந்தால் உயிர் பிழைப்போரை அவர் மறைக்கவில்லை. மூத்தவரின் முன்னறிவு பொய்க்கும் இடத்தையும் மறைக்கவில்லை. இறுதியில் அம்மருத்துவர் தம் நாடியைத் தாமே பிடித்துச் சாவை உற்று நோக்கிக் காத்திருக்கும் பகுதி, பழைமையின் வெற்றியன்று. தம் கல்வியைத் தம்மீதே சோதிக்கும் ஒருவரின் நேர்மை. பழைமைக்காக இரங்குவோர்க்கு அந்நேர்மை புலப்படாது. ஆகவே, ஒப்புமை நூலுக்குள் நுழையும் வாயிலாக இருக்கலாம். நூலின் முடிவாக இருத்தல் ஆகாது.

வேற்றுமை

ஒப்புமை கண்ட கண் வேற்றுமையையும் காணல் வேண்டும். முதற்கண் ஆற்றைக் கூறுவாம்.

வங்கப் புதினத்தின் ஆறு மனிதரைக் கேட்டு நடப்பதன்று. மாணிக் பந்யோபாத்யாயரின் 'பத்மா நதீர் மாஜி' (1936) என்னும் நூலில் வரும் பத்மை கரையை அரித்துச் செல்லும் ஆறு. அதன் கரையில் வாழும் குபேரன் என்னும் மீனவனின் பெயருக்கும் வாழ்வுக்கும் உள்ள தொலைவே அந்நூலின் துயரம். அத்வைத மல்லபர்மனின் 'திதாஸ் ஏக்டி நதீர் நாம்' (1956) என்னும் நூலில் ஆறு தூர்ந்து மணல்திட்டாகிறது. மீன்பிடித்து வாழ்ந்த மாலோ மக்கள் சிதறுகின்றனர். மேடாகிய நிலத்தை வலியவர் கைப்பற்றுகின்றனர். மல்லபர்மன் அம்மாலோ குடியிலேயே பிறந்தவர். நூல் அச்சேறும் முன்னரே 1951இல் மறைந்தவர்.

காவிரியோ நெடுங்காலமாக மதகுக்கும் முறைக்கும் கட்டுப்பட்ட ஆறு. கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணை, 19ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் அமைத்த அணைகள், 1934இல் முடிந்த மேட்டூர் அணை என அதன் வரலாறே கட்டுப்பாட்டின் வரலாறு. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் போன்றவை விலக்கு. சூன் 12 என்னும் நாளைத் தஞ்சை உழவர் பண்டிகை நாளைப் போல் எண்ணிக் காத்திருப்பர். ஆகவே இங்குள்ள வினா, ஆறு என்ன செய்யும் என்பதன்று. தண்ணீரை யார் திறப்பர், யாருக்கு முதலில் பாயும், கடைமடைக்கு எப்பொழுது சேரும் என்பதே. வங்கத்தில் துயரைத் தரும் ஆறு இயற்கையின் வடிவம். தஞ்சையில் நீரோ உரிமையின் வடிவம். பத்மையின் சீற்றத்தைப் படித்து மெய்சிலிர்த்த வாசகர், தம் ஊர் வாய்க்காலில் முறைநீர் மறுக்கப்பட்டவனைப் பற்றி ஏன் ஒரு புதினமும் இல்லை என்று கேட்டாரல்லர்.

இரண்டாவது, நிலவுடைமை. வங்கத்தில் 1793ஆம் ஆண்டின் நிலையான வரித்திட்டம் ஜமீன்தார் என்னும் வகுப்பை நிலைநிறுத்தியது. ஜமீன்தாருக்கும் உழுபவனுக்கும் இடையே படிப்படியாகப் பலர் நின்றனர். தஞ்சையில் மிராசுதார் அரசுக்கு நேரே வரி செலுத்தியவர். அவர்க்குக் கீழே வாரத்துக்கும் குத்தகைக்கும் பயிரிட்டவர் ஒரு சாரார்; தலைமுறைதோறும் ஒரே பண்ணையிற் கட்டுண்டு மரக்கால் நெல்லுக்கு உழைத்த பண்ணையாட்கள் மற்றொரு சாரார். வங்கக் கதையில் ஜமீன்தார் தொலைவில் உள்ள மாளிகையில் வாழலாம். கல்கத்தாவில் இருந்துகொண்டு ஊரைக் காணாமலே வாழவும் செய்யலாம். தஞ்சையில் மிராசுதார் வீட்டுக் கொல்லைப்புறத்தின் வேலிக்கு அப்பாலேயே பண்ணையாள் நின்றான். தமிழ் மொழிபெயர்ப்பில் 'ஜமீன்தார்' என்னும் சொல்லைக் கண்ட வாசகர், அவர் யாரோ ஒரு பெருஞ்செல்வர் என்று கொண்டார். அதனால், தாமும் தம் சுற்றத்தாரும் நிலவுடையாராக இருந்தும், அச்சொல் தம்மைக் குறிப்பதாக அவர்க்குத் தோன்றவில்லை. சொல் வேறாக இருந்தமை குற்றத்திற்கு ஒரு மறைவாயிற்று.

மூன்றாவது, நடை. நம் மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலோர் வங்க உழவனுக்கும் மீனவனுக்கும் கற்றோர் பேசும் தமிழையே வழங்கினர். 'தாதா', 'தீதி', 'பாபு' என்னும் முறைப்பெயர்களை அவ்வாறே வைத்தமை நன்று. அவை அயல்நாட்டு மணத்தைக் காத்தன. ஆயின் அந்தணனும் வண்ணானும் ஒரே நடையில் பேசியமையால், வங்கச் சிற்றூர் முழுவதும் ஒரே தெருவாகத் தமிழ் வாசகர்க்குத் தோன்றிற்று. அத்தெரு அவர் வாழ்ந்த தெருவாகவும் இருந்தது. இது மொழிபெயர்ப்பாளரை இகழ்வதற்கன்று. அக்காலத் தமிழ்ப் புதினமே பண்ணையாளின் பேச்சை அரிதாகவே எழுதியது. தமிழில் இல்லாத நடையை மொழிபெயர்ப்பாளர் எங்கிருந்து கொள்வர்?

பசி

இம்மூன்றினும் பெரியது ஒன்று உண்டு. அது பசி.

1943ஆம் ஆண்டில் வங்கத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. அரசு அமைத்த விசாரணைக் குழு இறந்தோர் தொகையை 15 இலட்சம் என்று மதிப்பிட்டது. பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் ஏறத்தாழ 30 இலட்சம் என்பர். பர்மா அரிசி நின்றமை, 1942 அக்டோபரின் புயல், போர்க்கால அரசு படகுகளைப் பறித்தமை, விலை ஏற்றம் ஆகியன காரணங்களாகக் கூறப்படும். நெல் இல்லாமையினும் நெல்லை வாங்கும் உரிமை இல்லாமையே கொல்லும் என்பதை அமர்த்தியா சென் 1981ஆம் ஆண்டு நூலில் நிறுவினார். விஜன் பட்டாசார்யரின் 'நவான்ன' (1944) என்னும் நாடகம், புதுநெல் உண்ணும் விழாவின் பெயரையே பஞ்சக் கதைக்குத் தலைப்பாக்கியது. விபூதிபூஷணின் 'அசனி சங்கேத்' என்னும் புதினத்தில் கங்காசரண் என்னும் அந்தண ஆசிரியர், தாழ்த்தப்பட்ட மக்கள் வாழும் ஊரில் குடியேறி அவர்தம் காணிக்கையால் வாழ்கிறார். அவ்வூரில் பசியால் முதலில் இறப்பவள் மோதி என்னும் ஏழைப்பெண். நெல் விளைவிக்கும் ஊரில் நெல் இல்லை என்பதை அவ்வாசிரியர் நம்பவே நெடுநாள் ஆகின்றது. நம்பாமையே அந்நூலின் பொருள்.

'நீலகண்டப் பறவையைத் தேடி'யில் ஜாலாலி என்பவள் அல்லிக்கிழங்கு தோண்ட நீரில் மூழ்கி மீளாமல் மாய்கின்றாள். கிழங்குக்காகக் குளத்தில் இறங்குதல் தஞ்சை நாட்டு ஏழைப்பெண்களும் அறிந்தது. இப்பகுதியைப் படித்த பின் யாம் எம் பாட்டியாரிடம் உரையாடினோம். அவர் வெட்டாற்றங்கரைச் சிற்றூரில் சிறு மிராசு வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்தெடுத்துத் தைத்து அட்டையிட்டு வைத்தவர். எமக்கு வங்க இலக்கியத்தை முதலில் காட்டியவை அக்கட்டுகளே.

பாட்டியார் 'பதேர் பாஞ்சாலி'யைப் படித்த நாளைக் கூறினார். முதியவள் இந்திர் தாக்ரூண், வீட்டில் இடம் மறுக்கப்பட்டு வெளியே உயிர் விடும் பகுதியை அன்று முடித்திருந்தார், அழுதிருந்தார். அன்று மாலை, வயது முதிர்ந்து நடவுக்கு இறங்க இயலாத ஒருத்தி கொல்லைப்புறம் வந்து அரை மரக்கால் நெல் கேட்டாள். வேலை செய்யாதவளுக்கு நெல் இல்லை என்று வீட்டுப் பெரியவர் சொல்லி அனுப்பினார். பாட்டியார் உள்ளே இருந்தார்; ஒன்றும் சொல்லவில்லை. சில நாளில் அம்முதியவள் இறந்தாள் என்று கேள்வியுற்றார். அவள் பெயர் யாது என்று யாம் வினவினோம். பாட்டியார் நெடுநேரம் நினைந்து பார்த்தார். நினைவு வரவில்லை. இந்திர் தாக்ரூணின் பெயரை மட்டும் பிழையின்றிச் சொன்னார். பிறகு, 'இதை எழுதுவாயானால் எழுது' என்றார்.

யாம் எழுதத் துணிந்தமைக்குக் காரணம் அச்சொல்லே. ஆயின் இதனைப் பாட்டியாரின் குறையாக மட்டும் கொள்வது தவறு. யாமும் அக்கட்டுகளைப் படித்தே வளர்ந்தோம். 'ஆரோக்கிய நிகேதன'த்தைப் பற்றி மாணவர்க்குப் பலமுறை உரைத்தோம். பண்ணையாள் வாழ்வைப் பற்றி ஒரு கட்டுரையும் நெடுநாள் எழுதினோமல்லோம். ஊரில் ஒரு நூலகத்தில் வங்கப் புதினங்களின் தேதித்தாள் நிரம்பி மற்றொரு தாள் ஒட்டப்பட்டிருந்ததைக் கண்டோம். அதே அடுக்கில் இருந்த தகழியின் 'இரண்டு படி'யில் தாள் ஏறத்தாழ வெறுமையாக இருந்தது. குட்டநாட்டு நெல்வயலில் உழைக்கும் புலையரின் கதையாகிய அந்நூல் (மலையாளத்தில் 1948) எங்கள் நிலத்துக்கு வங்கத்தினும் அணிமையது. அணிமையே அதனைப் படிக்கவொட்டாமல் தடுத்தது போலும். தொலைவில் உள்ள துயருக்கு இரங்குதல் எளிது; வேலிக்கு அப்பால் உள்ள துயர் நம்மிடம் நெல் கேட்கும்.

மறுப்பும் விடையும்

அற்றேல், புதினம் படித்தோர் அதன்வழி நல்லோராதல் வேண்டும் என்று கூறுகின்றீரோ எனின், அன்று. இலக்கியம் கூலி உயர்வுக்குக் கருவியன்று. சரத்சந்திரர்க்காக அழுத கண்ணீர் பொய்யும் அன்று. அக்கண்ணீர் வழியே பெண்ணின் துயரைப் பேசும் துணிவு தமிழுக்கு வந்தது. கு. ப. ரா.வின் சிறுகதைகளில் ஆண் பெண் உறவு பேசப்படும் நுட்பத்திற்கு வங்க வாசிப்பும் ஒரு துணை என்று கருத இடம் உண்டு. எம் கூற்று இவ்வளவே: வங்கப் புதினங்கள் பெண்ணின் துயரையும் உழைப்பவனின் பசியையும் ஒருங்கே எழுதின. தஞ்சை வாசகர் முன்னதைத் தம்முடையதாக ஏற்றார். பின்னதை வங்கத்தினதாக விட்டார். நூல் குறைபாடுடையதன்று; படிப்பே பாதியாக நின்றது.

மற்றொரு மறுப்பும் எழலாம். வங்கத்தில் படித்தவரும் நிலவுடையாரே. அவர்கள் மட்டும் முழுமையாகப் படித்தனரோ எனின், அவர்களும் முழுமையாகப் படித்தாரல்லர். 1946இல் தேபாகா இயக்கத்தில் பங்காளி உழவர் விளைவில் மூன்றில் இரு பங்கு கேட்டபோது, அதனை எதிர்த்தவர் வீடுகளிலும் தாகூர் நூல்கள் இருந்திருத்தல் கூடும். தஞ்சையில் 1952இல் இயற்றப்பட்ட சாகுபடியாளர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வாரதாரர்க்கு விளைவில் நூற்றுக்கு 40 பங்கை உறுதி செய்தது. அதற்கு முன் நிகழ்ந்த போராட்டங்களை நம் புதினம் உடனே எழுதவில்லை. வங்கத்தில் மாணிக்கும் தாராசங்கரும் விபூதிபூஷணும் உடனிருந்தே எழுதினர். வேறுபாடு வாசகரிடம் மட்டுமன்று, எழுத்தாளரிடத்தும் உள்ளது.

திரும்பிய பாதை

1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசையில் எரிந்து மாண்டனர். கூலி நெல்லைப் பற்றிய பூசலே அதன் வேர். இந்திரா பார்த்தசாரதி 'குருதிப்புனல்' எழுதினார். அது 1977ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அகாதெமிப் பரிசைப் பெற்றது. சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' 1999இல் வெளிவந்தது. 'குருதிப்புனல்' நிலவுடையாரின் கொடுமைக்கு அவர்தம் உடற்குறையைக் காரணமாகக் காட்டியமையைக் குறைகூறியவர் பலர். அக்குறையை யாமும் உடன்படுவோம். தனி மனிதனின் மனக்கோணலால் விளக்கத்தக்கதன்று அக்கொடுமை. மரக்காலும் வேலியும் சாதியும் கூடிச் செய்தது அது. எனினும் தஞ்சை வயலின் செந்நிறத்தைப் புதினத்திற்குள் கொண்டுவந்த துணிவு அவ்வாசிரியர்க்கு உரியது.

ஈண்டு நினைக்கத்தக்க ஒன்று உண்டு. 'குருதிப்புனலை' வங்கத்தில் 'ரக்தபன்யா' என்னும் பெயரால் மொழிபெயர்த்தவர் சு. கிருஷ்ணமூர்த்தி. அம்மொழிபெயர்ப்புக்குச் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசும் கிடைத்தது. வங்கத்து ஜாலாலியின் பசியைத் தமிழுக்குக் கொண்டுவந்த கையே, தஞ்சைப் பண்ணையாளின் எரிந்த குடிசையை வங்கத்துக்குக் கொண்டுசென்றது. ஒரு நூற்றாண்டாக ஒரு பக்கமே ஓடிய ஆறு ஒரு முறை மறுபக்கமும் ஓடிற்று. வங்கத்தில் அதனைப் படித்தவர், 'இது எங்கோ தெற்கே நிகழ்ந்தது' என்று இரங்கி அப்பால் வைத்தனரோ, தேபாகாவை நினைந்தனரோ என்பது அவர்களை நோக்கி யாம் கேட்கும் வினாவாகும். அவ்வினாவை முதலில் நம்மிடமே கேட்டுக்கொள்ளல் முறை.

முடிவாகச் சில கூறுவோம். இந்திய இலக்கியத்தைத் தமிழ்த் துறைகள் ஒப்பிலக்கியம் என்னும் ஒரு தாளோடு அமைத்துவிடுகின்றன. அதனினும் மேற்செல்லல் வேண்டும். வங்கம் முதலிய மொழிகளை நேரே கற்கும் மாணவர் சிலரேனும் ஆண்டுதோறும் தோன்றல் வேண்டும். குமாரஸ்வாமியும் சேனாபதியும் தனி முயற்சியால் செய்ததைத் துறைகள் கடமையாகச் செய்தல் வேண்டும். பழைய மொழிபெயர்ப்புகளை மீண்டும் பதிப்பிக்கும்போது, உழவனும் மீனவனும் பேசும் பகுதிகளை அவ்வவ் வட்டாரத் தமிழறிந்தார் ஆராய்தல் வேண்டும். நெல் நிலத்துப் புதினங்களாகிய வங்கத்தினவற்றையும் குட்டநாட்டினவற்றையும் தஞ்சையினவற்றையும் ஒரே தொகுதியாக வைத்துக் கற்பித்தல் வேண்டும். அப்பொழுது ஒப்புமையும் வேற்றுமையும் ஒருங்கே புலனாகும்.

பாட்டியார் மறைந்த பின் அத்தைத்த கட்டுகள் எம்மிடம் வந்தன. அவற்றைத் துறை நூலகத்திற்கு அளிக்க எண்ணியுள்ளோம். அளிக்குமுன், ஊருக்குச் சென்று முதியோரை வினவி, அரை மரக்கால் நெல் கேட்டவளின் பெயரை அறிய முயன்று வருகின்றோம். அறிந்த அன்று அப்பெயரை 'பதேர் பாஞ்சாலி'யின் முதற்பக்கத்தில் எழுதி வைப்போம்.